சேராதோர் சங்கம்

பவர் டேபிள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் கதையில் பாதி புரிந்துவிடும். நீளமான ஒரு மேசை. அதன் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓர் இரும்புத் தண்டு. தண்டின் கடைசியில் ஒரு மோட்டார். மேசையின் மேல் இரண்டு பக்கமும் தையல் மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் தண்டிலிருந்து ஒரு பெல்ட். மோட்டாரைப் போட்டால் தண்டு சுழலும். தண்டு சுழன்றால் எல்லா மெஷினும் தைக்கத் தயார். ஒருவர் எழுந்து போக வேண்டுமானால் தன்னுடைய பெல்ட்டை மட்டும் நழுவ விட்டுவிட்டுப் போகலாம். மற்றவர்கள் மெஷின் நிற்காது. எல்லோருமே நழுவ விட்டாலும் தண்டு நிற்காது. யாருக்காகச் சுழல்கிறோம் என்று தண்டு கேட்பதில்லை.

மீதிப் பாதி, கைமடிக்கிறவர்களைப் பற்றியது. பனியன் தைக்கும் டெய்லர் தனி ஆள் இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து துணியை மடித்து, விளிம்பைச் சேர்த்து, ஊசிக்கு நேராக நீட்டிக்கொண்டே இருப்பார். டெய்லர் கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவே வேண்டாம். கைமடிக்கிறவர் இல்லாவிட்டால் டெய்லருக்கு ஒரு பனியனுக்கு இரண்டு மடங்கு நேரமாகும். டெய்லர் இல்லாவிட்டால் கைமடிக்கிறவர் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வேலம்பாளையத்தில், குழந்தையம்மாள் நிட்டிங் கம்பெனியின் பவர் டேபிளில் ஓவர்லாக் மெஷின் ஓட்டிய டெய்லர் காசிமாயன். அவனுக்குக் கைமடித்தவள் ஒச்சாயி. இருவரும் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், கணவன் மனைவி.

பஞ்சப்படி கேட்டு ஊரே மாதக்கணக்கில் நின்ற பெரிய ஸ்டிரைக் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதன் பிறகு அந்தக் கம்பெனியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் ஷிப்ட் முடியும். அதற்கு மேல் இரவு வரை இன்னோர் அரை ஷிப்ட் இருந்து, ஒன்றரை ஷிப்டாக ஓட்டுவது இஷ்டப்பட்டவர்கள் மட்டும். இதை வாங்கிக் கொடுத்த சங்கத்துக்காரர் வாயிற்கூட்டத்தில் ஒரு மணி நேரம் உலகத்தைப் பற்றியும் இரண்டு நிமிடம் ஐந்தரை மணியைப் பற்றியும் பேசினார். காசிமாயனுக்கு உலகம் புரியவில்லை. ஐந்தரை புரிந்தது.

ஏனென்றால் அவர்களுக்கு மூன்று வயதில் பேச்சி என்று ஒரு பெண் குழந்தை. பகலில் அவளைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டு மருதாள். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு முன்னால் ஆறு மணிக்கு அடுப்பு மூட்டி மருதாள் இட்லிக் கடை போடுவாள். அதற்கு மேல் குழந்தையை வைத்துக்கொள்ள அவளால் முடியாது. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கொதிக்கும் சட்டி, எதிரில் பசியோடு நிற்கும் ஆட்கள். ஐந்தரைச் சங்கு ஊதியதும் பேச்சி, வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் பித்தளை டம்ளரைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். ஆறுக்குள் அப்பனும் ஆத்தாளும் வந்துவிடுவார்கள். சங்கு ஊதினால் அவர்கள் வருவார்கள் என்பது பேச்சிக்குத் தெரிந்த ஒரே சட்டம். அது தவறாமல் நடந்து வந்தது.

இந்த நிலையில்தான் முதலாளிகள் சிலர் கூடி, தொழிலாளிகளின் சுதந்திரத்தைக் காப்பாற்ற வேலை உரிமை மன்றம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தொழிலாளிகளுக்குச் சுதந்திரம் இல்லை என்பதைத் தொழிலாளிகளுக்கு முன்பே முதலாளிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். மன்றத்தின் செயலாளர் கருப்புசாமி, வாழ்நாள் முழுவதும் கூட்டுறவுச் சங்கங்களில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மரியாதை தெரிந்த மனிதர். யாரையும் ‘ங்க’ போடாமல் கூப்பிட்டதில்லை.

தொடக்க விழாவைக் கம்பெனியிலேயே, டீ நேரத்தில், டீ இல்லாமல் வைத்தார்கள். முதலாளி சாமியப்பன் செயலாளருக்கு மாலை போட்டார். கருப்புசாமி பேசினார்.

“மனுசனுக்குப் பொறந்ததுலிருந்து வேல செய்யற உரிமை இருக்குதுங்க. இன்னொருத்தங்கூடச் சேந்தாத்தான் வேலைன்னு எவனும் சொல்லக் கூடாதுங்க. நீங்க யாருகூடவும் சேர வேண்டியதில்லீங்க. தனியா நில்லுங்க. தனியா நிக்கறவனுக்குத்தானுங்க உண்மையான பலம். ஆகவே எல்லாரும் வரிசையா வந்து மன்றத்துல சேந்துக்குங்க.”

காசிமாயனுக்கு எதிர் மெஷினில் உட்காரும் சின்னான் கையைத் தூக்கினான். காங்கேயம் பக்கத்து ஆள். வாய் சும்மா இருக்காது.

“ஏனுங்க, எதுலயும் சேராதவங்க எல்லாரும் இதுல சேரோணுமுங்களா?”

“கட்டாயமே இல்லீங்க. உங்க இஷ்டமுங்க.”

“சேரலீன்னா?”

“பேட்ஜ் இல்லாதவங்கள கேட்டுல விடமாட்டாங்க. மத்தபடி உங்க இஷ்டமுங்க.”

எல்லோரும் இஷ்டப்பட்டார்கள். சட்டையில் பச்சை பேட்ஜ் ஏறியது. ‘நான் எதிலும் சேராதவன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. பெண்களுக்கும் அதே பேட்ஜ்தான். ‘சேராதவள்’ என்று தனியாக அடித்தால் பெண்கள் தனியாகச் சேர்ந்தது போலாகிவிடும் என்று கருப்புசாமி விளக்கினார். மன்றத்துக்குச் சின்னான் அன்றே ஒரு பெயர் வைத்தான்: சேராதோர் சங்கம்.

மன்றத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒருவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் கேட்டால் அது சங்கம். ஒருவர் செய்வதால் இன்னொருவரின் வேலை நின்றால் அது உரிமைப் பறிப்பு. வேறு விதி இல்லை. தேவைப்படவும் இல்லை.

அடுத்த வாரம், ‘5.30க்கு வேலை முடியும்’ என்று சுவரில் மாட்டியிருந்த பலகையைக் கழற்றினார்கள். இன்ன மணிக்கு வீட்டுக்குப் போ என்று பலகை வைத்துச் சொல்வது, இருந்து வேலை செய்ய விரும்புகிறவனைக் கட்டாயப்படுத்துவதாகும் என்றார் கருப்புசாமி. இனி அவரவர் விரும்பும்போது போகலாம்.

அன்று ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. காசிமாயன் விரும்பினான். எழுந்தான்.

“தாராளமாப் போ காசி,” என்றார் சாமியப்பன். “உன்னயப் புடிச்சு வெக்க இங்கென்ன செயிலா? ஆனா ஒண்ணு. நீ போயிட்டீன்னா உனக்குக் கைமடிக்கற புள்ள என்ன செய்யும்? அதோட வேல நின்னு போகுதல்ல?”

காசிமாயன் திரும்பிப் பார்த்தான். கைமடிக்கிற பிள்ளை முந்தானையை உதறிக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றது.

“அய்யா, அவ என் பொண்டாட்டிங்கய்யா. அவளும்தான் வர்றா.”

“அப்படியா? அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாக் கெளம்பறீங்க.” சாமியப்பனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. “இது சங்கமாப் போயிருச்சே காசி.”

“சங்கமில்லய்யா. கல்யாணம்,” என்றாள் ஒச்சாயி.

மேசை முழுக்கச் சிரித்தது. சேர்ந்து சிரித்ததைச் சாமியப்பன் கவனித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியது.

அன்று இருவரும் ஒன்றரை ஷிப்ட் முடிந்துதான் வீட்டுக்குப் போனார்கள். பேச்சி டம்ளரைப் பிடித்தபடி இட்லிக் கடைப் பலகைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மிணி, நானொண்ணும் வேணாங்கல,” என்றாள் மருதாள் ஒச்சாயியிடம். “இத்தன பேரு வந்து போற எடத்துல கொதிக்கற சட்டிய வெச்சுக்கிட்டு ஒரு கொளந்தயப் பாக்க முடியுமா சொல்லு. ஒரு கண்ணு அடுப்புல, ஒரு கண்ணு இவமேல. எனக்கு இருக்கறதே ரெண்டு கண்ணு. கல்லாப் பொட்டிய எதுல பாக்கறது?”

மறுநாள் காசிமாயன் நன்றாக யோசித்துவிட்டு வந்தான். ஒரே நேரத்தில் போனால்தானே சங்கம்? ஒச்சாயி முதலில் போகட்டும். அவன் இருந்து தானே மடித்துத் தானே தைத்துக்கொள்வான். ஒச்சாயி போய் முதலாளியிடம் தனியாகக் கேட்டாள்.

இந்த யோசனையில் ஒரு குறை இருந்தது. கைமடி இல்லாமல் காசிமாயனின் வேலை பாதியாகும். அதாவது ஒச்சாயி தன் கணவனின் வேலை உரிமையில் பாதியைப் பறிக்கிறாள். முதல் நாள் அவன் அவளுடையதைப் பறிக்கப் பார்த்தான். இன்று அவள் அவனுடையதை. இது சாதாரணமாக முடிகிற விவகாரம் இல்லை என்று சாமியப்பன் அதை மன்றத்துக்கு அனுப்பினார்.

விசாரணை நூல் குடோனுக்கு மேலே இருந்த மன்ற அறையில் நடந்தது. வேலை நேரத்தில் விசாரித்தால் வேலை உரிமை கெட்டுவிடும் என்பதால் ஒன்றரை ஷிப்டின் நடுவில், டிபன் இடைவேளையில் வைத்தார்கள். முதலில் கணவனுக்கு எதிராக மனைவியின் உரிமையைக் காப்பது. பிறகு மனைவிக்கு எதிராகக் கணவனின் உரிமையை.

“பயப்படாமச் சொல்லுங்கம்மா,” என்றார் கருப்புசாமி. “உங்க வேல உரிமைய இவரு பறிக்கறாருங்களா?”

“இவரா?” ஒச்சாயி காசிமாயனை ஏற இறங்கப் பார்த்தாள். “கறிக்கடையில எலும்பக் கொடுத்தாக்கூட வாய மூடி வாங்கிட்டு வர்ற ஆளு. இவரு எங்கிட்டுப் பறிக்கப் போறாரு? எனக்கு அந்த உரிமையே வேணாம்யா. புள்ளய வீட்டுல விட்டுருக்கேன். போகணும்.”

கருப்புசாமி பக்கத்திலிருந்த மன்றத்துக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். “பாத்தீங்களா? உரிமை வேண்டாமுன்னு சொல்ற அளவுக்கு மெரட்டி வெச்சிருக்காங்க.”

“யாரு மெரட்டுனது?” என்றான் காசிமாயன்.

“அதத்தானுங்க விசாரிக்கறோம்.”

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மருதாள் வந்தாள். அடுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது அவள் கையிலிருந்த கரண்டியிலிருந்து தெரிந்தது. இன்னொரு கையில் பேச்சி. பேச்சியின் வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. அவள் அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தாள்.

“சட்டிய நான் தொறக்கறேன், இவ கைய நீட்டிப்போட்டா. ஆவி அடிச்சிருச்சு. தோலு வளண்டு உரிஞ்சு வருது அம்மிணி. ஆஸ்பத்திரிக்குப் போ.”

“ஏனுங்க, நீங்க மன்றத்துல இருக்கறீங்களா?” என்று கருப்புசாமி மரியாதையாகக் கேட்டார்.

“நான் இட்லி சுடறவ. கொளந்தைக்குக் கை வெந்து கெடக்குது.”

“கட்சிக்காரங்க ரெண்டு பேரும் இப்ப எந்திரிச்சுப் போனா, அவங்க இல்லாமயே தீர்ப்புச் சொல்ல வேண்டி வருமுங்க. அப்புறம் எங்க உரிமை போச்சேன்னு வரக் கூடாது பாருங்க.”

ஒச்சாயி அதற்குள் குழந்தையை வாங்கிக்கொண்டு படியில் பாதி தூரம் இறங்கியிருந்தாள். காசிமாயன் ஒரு கணம் நின்று செயலாளருக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓடினான். ஏன் கும்பிட்டோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் அவனுக்கே எரிச்சல் வந்தது.

அவர்கள் இல்லாமலே தீர்ப்பு வந்தது. மன்றம் விஷயத்தின் வேருக்கே போயிருந்தது. கணவன் மனைவியின் உரிமையைப் பறிக்கவில்லை. மனைவியும் கணவனின் உரிமையைப் பறிக்கவில்லை. இருவர் உரிமையையும் ஒருசேரப் பறிப்பது பேச்சி. ஆனால் பேச்சி மன்றத்தில் இல்லாததால் அவள் பக்க நியாயத்தைக் கேட்க வழியில்லை. ஆகவே முதலில் அவளையும் மன்றத்தில் சேர்ப்பது; பிறகு, அவள் பெற்றோரின் உரிமைக்குக் குறுக்கே வராதபடி அவளைக் கம்பெனிக்குள்ளேயே வைத்துக்கொள்வது.

பேச்சியின் கவுனில் பச்சை பேட்ஜைக் கருப்புசாமியே குத்தினார். ‘நான் எதிலும் சேராதவன்.’ கையில் கட்டு இருந்ததால் அவளால் அதைப் பிடுங்க முடியவில்லை.

அன்றிலிருந்து பேச்சி கட்டிங் வேஸ்ட் குவியலில் இருந்தாள். மேசைக்குப் பின்னால், சுவர் மூலையில், வெட்டித் தள்ளிய பனியன் துண்டுகள் இடுப்பளவு கிடக்கும். உட்கார மெத்தென்று இருக்கும். துணி வெட்டும்போது பஞ்சுத் தூசி பறக்கும். அது எங்கே போகிறது என்று கவனித்தால், காற்று முட்டித் திரும்புகிற மூலையில், அதாவது அந்தக் குவியலின் மேல்தான் இறங்கும். ஒரு வாரத்தில் பேச்சி இருமத் தொடங்கினாள். ஒச்சாயி துணியை மடித்து நீட்டுவாள், இருமல் சத்தம் கேட்டதும் திரும்புவாள், ஊசிக்கு முன் துணி கோணும், காசிமாயன் அதை நேராக்கிக்கொள்வான்.

ஐந்தரைச் சங்கு ஊதியதும் பேச்சி மட்டும் வழக்கம்போல டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்காருவாள்.

“இதக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிரலாம்யா,” என்றாள் ஒச்சாயி.

“எங்கிட்டு? எல்லாக் கம்பெனியிலயும் பச்ச பேட்ஜுதான்.”

இந்தச் சமயத்தில் நூல் விலை ஏறியது. முதலாளிகள் கொதித்துப்போனார்கள். ஒரு நாள் காலையில் காசிமாயனும் ஒச்சாயியும் பேச்சியும் வந்தபோது கம்பெனி கேட் பூட்டியிருந்தது. அந்தத் தெருவில் எல்லா கேட்டும் பூட்டியிருந்தன. நூல் விலையைக் குறைக்கும் வரை எந்தக் கம்பெனியும் ஓடாது என்று துணி பேனர் தொங்கியது. கேட்டுக்கு வெளியே சாமியானா போட்டு முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கருப்புசாமி மைக்கைச் சரி செய்துகொண்டிருந்தார்.

காசிமாயன் தன் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவரிடம் போனான்.

“அய்யா, வேலைக்கு வந்தோம். கேட்டு பூட்டியிருக்கு. எங்க உரிமைய யாரோ பறிச்சுட்டாகய்யா.”

“இது வேறயிங்க,” என்றார் கருப்புசாமி. “இருங்க, பேசறேன், கேட்டுக்குங்க.”

அவர் பேசினார். “இங்க ஒருத்தரு மட்டும் கம்பெனியத் தொறந்து ஓட்டுனாருன்னா மத்தவங்க கதி என்னங்க? தனித்தனியாப் போயிக் கேட்டா நூல் மில்லுக்காரன் மதிப்பானுங்களா? ஒருத்தனைக் கூப்பிட்டுக் காப்பி குடுத்து மடக்கிப் போடுவானுங்க. எல்லாரும் ஒண்ணாச் சேந்து நின்னாத்தானுங்க நம்ம பேச்சுக்கு ஒரு வெல. மீறி எவனாச்சும் மோட்டாரைப் போட்டான்னா, நாளைக்கு அவங்கூட நம்ம யாரும் ஏவாரம் வெச்சுக்கக் கூடாதுங்க.”

கைதட்டல் கேட்டது. எல்லோரையும் விட அதிகமாகத் தட்டியவன் காசிமாயன்தான். அத்தனை நாளாகப் புரியாத ஏதோ ஒன்று அவனுக்கு மிகத் தெளிவாகப் புரிந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் மறுபடி போய்ச் செயலாளர் முன் நின்றான்.

“அய்யா, இம்புட்டு நல்லா யாரும் வெளக்குனதில்ல. இந்தச் சங்கத்துல எங்களச் சேத்துக்குங்கய்யா.”

கருப்புசாமி அவனை இரக்கத்தோடு பார்த்தார். “இது மொதலாளிமாருங்களுக்குங்க. நீங்க சுதந்திரமானவங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தொந்தரவு?”

சில நாட்களில் நூல் விலை கொஞ்சம் இறங்கியது. கேட்டுகள் திறந்தன. விட்டுப்போன உற்பத்தியை ஈடுகட்ட எல்லோரும் தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவதோடு ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும் என்றார் சாமியப்பன். அதாவது, விரும்ப வேண்டும். முதல் நாள் மாலை, தொழிலாளிகளின் விருப்பத்துக்கு நன்றி சொல்லக் கருப்புசாமி கம்பெனிக்கே வந்திருந்தார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஐந்தரைச் சங்கு ஊதியது.

பேச்சி எழுந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அன்று உட்காரவில்லை. மேசை ஓரமாகவே நடந்து, கதவைத் தாண்டி, கேட்டுக்குப் போனாள். வாட்ச்மேன் பேட்ஜைப் பார்த்தார். ஒரே ஆள். யாரோடும் சேராமல் தனியாக வருகிறாள். விதிப்படி தடுக்க ஒன்றுமில்லை. கேட்டைத் திறந்துவிட்டார். வெளியே அவிநாசி ரோட்டுக்குத் திரும்பும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

ஒச்சாயி எழுந்தாள். அதே நொடியில் காசிமாயன் பெல்ட்டை நழுவ விட்டுவிட்டு எழுந்தான்.

“ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல...” என்று தொடங்கினார் கருப்புசாமி. அவர்கள் கேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எதிர் மெஷினில் ஒரு பெல்ட் நழுவும் சத்தம் கேட்டது. சின்னான் எழுந்து சட்டையை உதறினான்.

“நான் அவங்களோட போகலீங்க. என்ற எருமைக்குத் தண்ணி காட்டோணுமுங்க. இது தனிச் சோலிங்க.”

அவனுக்குப் பக்கத்து மெஷின்காரர் எழுந்தார். “எனக்குத் தலவலிங்க. எனக்கு மட்டும் தனியா வந்த தலவலிங்க.”

கைமடிக்கிற பெண்களில் ஒருத்தி, மாமியார் ஊரிலிருந்து வருகிறாள் என்றாள். இன்னொருத்தி, மாமியார் ஊருக்குப் போகிறாள் என்றாள். ஒவ்வொருவரும் செயலாளர் முன் நின்று, ‘ங்க’ போட்டு, தன்னுடைய காரணத்தைத் தனியாகச் சொல்லிவிட்டு, தனியாகக் கேட்டைக் கடந்தார்கள். ஒருவர் காரணம் இன்னொருவருடையது போல இல்லை. விதிகளில் ஒன்றுகூட மீறப்படவில்லை. மேசைக்கு அடியில் தண்டு மட்டும் எந்த மெஷினையும் ஓட்டாமல் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டியவர் மோட்டார் ஆப்பரேட்டர். அவருக்கும் ஒரு தனிச் சோலி வந்துவிட்டது.

ரோட்டோரத்தில் பேச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒச்சாயி நின்றாள். காசிமாயன் திரும்பிப் பார்த்தான். ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். இதற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை. சங்கம் என்று நினைக்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பவர் டேபிள் ஆட்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இதிலும் மன்றம் விதியை விடவில்லை. ஒவ்வொருவரையும் தனியாக உள்ளே கூப்பிட்டு, தனியாகப் பேட்ஜைக் கழற்றி, தனித்தனியாக அனுப்பினார்கள். ஆகவே யாரும் கூட்டாக வேலை இழக்கவில்லை. பேச்சியின் பேட்ஜையும் கழற்றினார்கள். கவுனில் இரண்டு சின்ன ஓட்டைகள் மிச்சமிருந்தன. அடுத்த கம்பெனிக் கேட்டிலும் பேட்ஜ் கேட்டார்கள். அதற்கடுத்த கேட்டிலும் கேட்டார்கள்.

அன்று மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியபோது பேச்சி டம்ளரைத் தூக்கிக்கொண்டு லைன் வீட்டு வாசலில் போய் நின்றாள். நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அப்பனும் ஆத்தாளும் ஏற்கெனவே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அப்படியானால் யாருக்காகக் காத்திருப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. டம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.